அவர் கையால் ஒரு வரி

ஜிஞ்சா
2000 அக்டோபர் 16

அன்புள்ள லாமுனு அக்காவுக்கு,

அர்யேமோ எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே குலு முகாமில் ராத்திரித் துப்பாக்கிச் சத்தம் குறைந்ததா?

உன் மகள் லான்யேரோவை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். இந்த ஊர் பாஷை அவளுக்கு அதற்குள் வந்துவிட்டது. எனக்குத்தான் கடையில் உப்பு கேட்பதற்குள் வியர்த்துப்போகிறது. என் பையன் ஓபோகா, அப்பா வாடகைக்கு ஆள் ஏற்றுகிற சைக்கிளின் மணியை வாயாலேயே அடித்துக்கொண்டு வாசலில் சவாரி கூப்பிடுகிறான். வயிறு பெரிதாகிவிட்டதால் கரும்புத் தோட்ட வேலையை விட்டுவிட்டேன். எள்ளை வறுத்து இடித்து விழுதாக்கி ரோட்டோரம் விற்கிறேன்.

கலகக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிப் போகிறார்கள் என்று அவர் எங்களை இங்கே ஏற்றி அனுப்பினார். சரி. கேழ்வரகு வயலைப் பார்க்க வேண்டும் என்று நீ அங்கேயே நின்றுகொண்டாய். அதுவும் சரி. பிள்ளைகளெல்லாம் என் தலையில், நம் புருஷன் முழுசாக உன் கையில். நல்ல பங்குதான் பிரித்தாய், அக்கா!

நேற்று ரேடியோவில் குலுவைச் சொன்னார்கள். எபோலாவாம், ரத்தம் போய்ச் சாகிறார்களாம். வீட்டுக்காரி நபிரியே ரேடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, அது உங்க ஊருதானே?" என்றாள். பக்கத்து ஊர் என்று பொய் சொன்னேன். நிஜமாகவே அங்கேதானா?

போன கடிதத்தின் கீழே அவர் ஒரு வரி எழுதியிருந்தார், எள் விழுதை விற்காமல் நீயே தின்று தீர்த்துவிடாதே என்று. இந்தத் தடவையும் அவரை எழுதச் சொல்.

உன் இளையவள்,
அர்யேமோ


குலு
அக்டோபர் 23

தங்கச்சி அர்யேமோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நன்றாக இருப்பதில் சந்தோஷம். முதுகு அப்படியேதான் இருக்கிறது.

ரேடியோவில் சொன்னது நம் ஊர்தான். பெரியவர்கள் இதை கெமோ என்கிறார்கள், காற்றில் வரும் பெருநோய். எங்கெங்கே நோய் இருக்கிறதோ அந்த வாசல்களில் நீளப் புல்லைக் கட்டி நட்டிருக்கிறார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது. கை குலுக்கக் கூடாது. சாராயக் கடை, நடனம், சந்தை எல்லாம் நின்றுவிட்டது. செத்தவர்களைக் குளிப்பாட்ட விடுவதில்லை. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து பையில் போட்டு எடுத்துப் போகிறார்கள்.

நம் வரிசைக் கடைசி வீட்டு அபாலோவை நினைவிருக்கிறதா, உன்னிடம் சல்லடை வாங்கித் திருப்பித் தராதவள்? அவளுக்கு முடியாமல் போனபோது யாரும் வண்டி எடுக்கவில்லை. அவர்தான் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, துணியால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அன்றைக்கு அது என்ன நோய் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் பிழைக்கவில்லை.

உனக்குப் பொறாமை வேண்டாம். அரசாங்க உத்தரவுப்படி தள்ளித் தள்ளித்தான் படுக்கிறோம்.

அவர் தூங்குகிறார். எழுப்பவில்லை. அதனால் அவர் வரி இதில் இல்லை. நீ எந்தக் காரணத்துக்கும் இந்தப் பக்கம் வராதே. லான்யேரோவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடு, பேன் சேரும்.

லாமுனு


ஜிஞ்சா
நவம்பர் 3

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நபிரியேவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. தபால் உறையில் குலு முத்திரை இருந்ததே. குச்சியால் நெம்பி எடுத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் என்னிடம் கொடுத்தாள். "தப்பா நெனச்சுக்காதம்மா, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாள். பாதி எழுத்து கருகிவிட்டது. குழாயடியில் எங்கள் வாளியைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். எள் விழுது வாங்க ஒருத்தரும் வருவதில்லை. லான்யேரோவைப் பள்ளிக்கூடத்தில் "எபோலா" என்றே கூப்பிடுகிறார்களாம். அவள் அழவில்லை. கூப்பிட்டவனைக் கடித்துவிட்டு வந்தாள். இப்போது அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள்!

அபாலோவை முதுகோடு கட்டிக்கொண்டு போனதாக எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது உண்டா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடிதம் எழுதுகிற நேரத்தில் தூங்குகிற ஆளா அவர்? எனக்குத் தெரிந்து கோழி தூங்கினாலும் அவர் தூங்கமாட்டார்.

உடனே பதில் போடு. அவரை எழுதச் சொல். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அர்யேமோ


குலு
டிசம்பர் 4

தங்கச்சிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது எழுந்து நடமாடுகிறேன். பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. தலைமுடி கொஞ்சம் கொட்டிவிட்டது. பேன் தொல்லை எனக்கும் விட்டது.

அவரைக் கேட்டிருந்தாய். அவருக்கு இப்போது எந்த வலியும் இல்லை. ஓய்வாக இருக்கிறார். உன்னைப் பற்றிப் பேசினார்.

இங்கே இன்னும் ஆட்கள் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பார்த்துக்கொண்ட நர்ஸ்களே போகிறார்கள். நேற்று நமக்குச் சோறு போட்டவள் இன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறாள். யாரும் சத்தமாக அழுவதுகூட இல்லை. எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

ஊரைவிட்டு யாரும் போகவோ வரவோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு நபிரியேவிடம் சொல்லிவை. அவள் உறையைத் தேய்த்துக் கொடுப்பது நல்லதுதான். அவளோடு சண்டை போடாதே.

லாமுனு


ஜிஞ்சா
டிசம்பர் 14

அக்காவுக்கு,

உன் காய்ச்சல் போனதில் நிம்மதி. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். நபிரியேதான் பிடித்தாள். இரண்டு கைக்கும் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள், ஆனால் வந்தாள். தொப்புள்கொடியை அறுத்ததும் அந்தப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, "சனியன், வர்றது வரட்டும்" என்று வெறுங்கையால் வாங்கிக்கொண்டாள். இனி இவளை நான் திட்டமாட்டேன்.

இப்போது உன்னைத் திட்டுகிறேன். மகன் பிறக்கப் போகிற நேரத்தில் ஒரு வரி எழுத முடியாத அளவுக்கு அவருக்கு என்ன ஓய்வு? நான் இல்லாத வீட்டில் நீ வடித்துக் கொட்டுகிறாய், அவர் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார், அவ்வளவுதானே? பதினைந்து வருஷம் முன்னால் வந்தவள் நீ. எனக்கு அஞ்சு வருஷம். அந்த அஞ்சையும் இந்த நோயைச் சாக்கு வைத்துத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாயா? ஊரில் மூத்தவள் என் புருஷனை முடிந்து வைத்திருக்கிறாள் என்று நபிரியேவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைக்கு அப்பாதான் பெயர் சொல்ல வேண்டும். கேட்டு எழுது. பெயர் வராவிட்டால் ந்யேகோ என்று வைத்துவிடுவேன். பொறாமை என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்போம். காரணம் கேட்பவர்களிடம் உன்னைக் கை காட்டுவேன்.

அர்யேமோ


குலு
டிசம்பர் 24

தங்கச்சிக்கு,

பிள்ளையும் நீயும் நலம் என்று படித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நபிரியேவுக்கு என் நன்றியைச் சொல். பால் ஊறுகிறதா? எள் விழுதை இப்போது நீயே தின்னு, யாரும் கேட்கமாட்டார்கள்.

பெயர் அகேனா.

நீ திட்டியதெல்லாம் படித்தேன். திட்டு. உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது.

நான் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். நோய்க் கூடாரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிள்ளைகள். மற்றவர்கள் தூக்கப் பயப்படுகிறார்கள், நான் தூக்குகிறேன். ஒன்று மட்டும் இறக்கிவிட்டால் கத்துகிறது. நாளெல்லாம் இடுப்பிலேயே வைத்திருக்கிறேன். முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது.

நாளைக்குக் கிறிஸ்துமஸ். கோயிலில் பாட்டு கிடையாது, கூட்டம் கூடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஏதாவது இனிப்பு வாங்கிக் கொடு.

லாமுனு


ஜிஞ்சா
2001 ஜனவரி 4

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

அகேனா. தனியாக நிற்பவன். இவன் எப்படித் தனி ஆவான்? அண்ணன் இருக்கிறான், அக்கா இருக்கிறாள், ஒன்றுக்கு இரண்டு அம்மா இருக்கிறோம். ஆண் பிறந்தால் தன் அப்பா பெயரைத்தான் வைப்பேன் என்று வயிற்றில் கை வைத்துச் சொல்லி அனுப்பினவர் அவர். இந்தப் பெயரை அவர் வைக்கவில்லை. நீ வைத்தாய்.

நபிரியேவின் தம்பி ரேடியோ கேட்டுவிட்டு வந்து சொன்னான். நோய்க் கூடாரத்தில் பயமில்லாமல் பிள்ளைகளைத் தூக்குபவர்கள் அந்த நோய் வந்து பிழைத்தவர்கள்தானாம். மறுபடி அவர்களுக்கு வராதாம். உனக்கு வந்த காய்ச்சல் என்ன காய்ச்சல், அக்கா?

அவர் எங்கே?

பதில் வராவிட்டால் அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அர்யேமோ


குலு
ஜனவரி 8

அர்யேமோவுக்கு,

பஸ் ஏறாதே. பஸ் டிரைவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்குக் காத்திருக்கப் பயமாக இருக்கிறது.

அவர் இல்லை. நவம்பர் முதல் வாரமே போய்விட்டார். அபாலோவைச் சுமந்ததில் வந்தது. முதல் கடிதத்துக்கு நான் பதில் எழுதும்போது அவருக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு எனக்கு வந்தது. நான் பிழைத்துவிட்டேன்.

சொல்லியிருந்தால் நீ வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். செத்த வீட்டுக்குப் பொண்டாட்டி வராமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இங்கே செத்த வீட்டுக்கு வந்தவர்கள்தான் அடுத்தடுத்துச் செத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் கூடாரத்திலிருந்து நடந்து வெளியே வந்து நான் பார்க்கவில்லை. லான்யேரோவும் உன்னோடு வந்திருப்பாள். அதனால் சொல்லவில்லை.

வீட்டு முற்றத்தில் விழுந்து அழக் கல்லறை கிடையாது. ஊருக்கு வெளியே வயலில் வரிசையாகப் புதைத்திருக்கிறார்கள். பெயர் எழுதிய பலகை இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

வராதே. இதற்கு மட்டும் கீழ்ப்படி.

லாமுனு


குலு
பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டிரைவரைக் கேட்டேன், கையில்தான் கொடுத்தேன் என்றான். நீயும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. வராததே பதில் என்று வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் நலமா? சின்னவன் முகம் பார்த்துச் சிரிக்கிறானா?

கூடாரத்தில் புது ஆட்கள் வருவது நின்றுவிட்டது. கட்டில்களைக் கழுவி வெளியே அடுக்குகிறார்கள். நான் இடுப்பில் வைத்திருந்த பிள்ளையை அதன் பெரியம்மா வந்து கூட்டிப்போய்விட்டாள். வாங்கும்போது துணியைச் சுற்றித்தான் வாங்கினாள்.

நம் குடிசை இல்லை. நான் கூடாரத்தில் கிடந்தபோது அவருடைய அண்ணன் ஒகேனி, பாய், போர்வை, சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கொளுத்திவிட்டார். பிழைத்து வந்து நின்றபோது தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "அங்கேயே நில்லு! நீ செத்தவ. செத்தவ செத்தவளாவே இரு" என்றார். நோய் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். "டாக்டரையே வச்சுக் காப்பாத்தச் சொல்லு" என்றார். அவர் மேலே கோபம் வரவில்லை. அவர் பொண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர்களைக் கூடாரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறேன். நீ எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

லாமுனு


ஜிஞ்சா
மார்ச் 1

அக்கா,

சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. கேட்டேன் என்று வைத்துக்கொள்.

டிரைவர் கொடுத்த உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அப்புறம் உன்னை அடிக்க வேண்டும் என்று பஸ் நிலையம் வரைக்கும் போனேன். நபிரியே பின்னாலேயே வந்தாள். "போடீ, போ. பச்சப்புள்ளைய என்கிட்ட குடுத்துட்டுப் போ. அவ இத்தனையும் மறைச்சது இதுக்குத்தான்னா, நீ போய் அத வீணாக்கு" என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பஸ் போனது என்று தெரியாது.

அதற்குப் பிறகு எழுத முடியவில்லை. அவர் மண்ணுக்குள் கிடக்க, நான் உட்கார்ந்து உன்னைப் பொறாமைக்காரி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அதையெல்லாம் படித்துவிட்டு "திட்டு" என்று எழுதியிருக்கிறாய். உன்னை மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் மன்னிக்கிறேன், மறுநாள் இல்லை.

நோய் முழுக்கப் போய்விட்டதாக ரேடியோவில் அறிவித்தார்கள். குழாயடியில் எங்கள் வாளியை வரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஒருத்தி எள் விழுது வாங்க வந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. எடை போட்டுக் கொடுத்தேன்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஓபோகாவுக்குப் புரியவில்லை. லான்யேரோ, "அப்பா சாகறப்ப பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டாள். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒகேனி விரட்டினால் விரட்டட்டும். இங்கே வா. அறை சின்னது, ஐந்து பேர் படுத்தால் கால் சுவரில் முட்டும். நபிரியேவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உனக்கு வந்த நோய் உட்பட. யோசித்துவிட்டு, "வரட்டும், எனக்கும் எள்ளு இடிக்க ஆளு வேணும்" என்றாள்.

அர்யேமோ


குலு
மார்ச் 9

தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முடி வளர ஆரம்பித்துவிட்டது.

லான்யேரோ கேட்டதற்குப் பதில். பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஆரம்ப நாட்களில் வீட்டு ஆள் ஒருத்தரை உள்ளே விட்டார்கள். கையுறை, முகமூடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிவிட்டார்கள். கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன், துடைத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் என்னை அடையாளம் தெரிந்தது. "கேழ்வரகை யார் அறுக்கிறா?" என்று கேட்டார். அபாலோ பிழைத்தாளா என்று கேட்டார். பிழைத்துவிட்டாள் என்றேன்.

மகளிடம் இவ்வளவு சொன்னால் போதும். மீதி உனக்கு மட்டும்.

கடைசி நாளில் அவருக்கு ஆள் தெரியவில்லை. கண் முழுக்கச் சிவப்பு. "அர்யேமோ, வந்துட்டியா?" என்றார். நான் லாமுனு என்று சொன்னேன். மறுபடியும், "அர்யேமோ, எங்கடி இருக்க?" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து வருஷம் சோறு போட்ட எனக்கு அந்த நேரத்தில்கூடச் சுருக்கென்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். அப்புறம் குனிந்து, "ஆமாங்க, நான்தான், அர்யேமோ, வந்துட்டேன்" என்றேன். முகமூடிக்குள்ளிருந்து வருகிற குரல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

"கையக் குடு" என்றார். கொடுத்தேன். "என்னடி, ரப்பரு மாதிரி இருக்கு ஒன் கை" என்றார். விலக்கிவிட்டார். நர்ஸ் அந்தப் பக்கம் வேறு ஒருத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையுறையைக் கழற்றினேன். அவர் பிடித்துக்கொண்டார். உன் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஏதோ சொன்னார், பெயர் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய அப்பா பெயராகத்தான் இருக்கும். கேட்காத பெயரை எழுதப் பயந்து நானாக ஒன்றை எழுதினேன். அந்த நேரம் தனியாக நின்றவள் நான், எனக்கு இருந்த பெயர் அது. பிடிக்காவிட்டால் மாற்றிவிடு. பையன் சின்னவன், மறந்துவிடுவான்.

எனக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டபோது, தெரியாது என்றேன்.

அவர் பிடி தளர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்துதான் பிரித்தார்கள். அதனால் லான்யேரோவுக்கு நான் என்றே பதில் சொல். ஆனால் உனக்கு நான் சொல்வது இது: அவரைக் கேட்டிருந்தால், பக்கத்தில் இருந்தது நீ என்றுதான் சொல்லியிருப்பார். நீ வரவில்லையே என்று மனதில் வைத்துக்கொண்டு உருகாதே. அவரைப் பொறுத்தவரை நீ வந்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறேன். மறுநாள் விடியும்போது ஜிஞ்சாவில் இறங்குவேன். இதைப் படித்த பிறகு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நிலையத்துக்கு வராதே, நான் புரிந்துகொண்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வந்தால், பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்துவிட்டு முதலில் நீ வா. என்னை அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அடி. இங்கே என்னை யாரும் கையால் தொட்டு வெகுகாலம் ஆகிறது.

லாமுனு